பெருநிறுவன மின்னஞ்சலைப் பகிஷ்கரிப்பது தகுமா?

ஒரு கல்லூரிக்கோ, நகராட்சிக்கோ, இருநூறு பேர் வேலை செய்யும் தொழிற்கூடம் ஒன்றுக்கோ சொந்தமாக மின்னஞ்சல் சேவையகம் வைத்து நடத்தும் நிர்வாகி, முந்தின இரவின் பதிவேட்டைப் பார்வையிடும்போது, வடிகட்டிகள் அனைத்தையும் தாண்டி உள்ளே வந்து சேர்ந்த வேண்டாத அஞ்சலில், அதாவது எல்லோரும் ஸ்பேம் என்று சொல்லும் குப்பையில், ஒரு கணிசமான பகுதி பெயர் தெரியாத ஏதோ ஒரு கயவனின் இயந்திரத்திலிருந்து வராமல், ஜிமெயிலிலிருந்தும் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கிலிருந்தும் யாகூவிலிருந்தும் வந்திருப்பதைக் காண்கிறார். இதே குப்பையை ஒரு சிறிய நிறுவனம் அனுப்பியிருந்தால் அதன் முகவரியைத் தடைப்பட்டியலில் எழுதிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார். அனுப்பியது உலகத்திலேயே பெரிய அஞ்சல் ஸ்தாபனங்களில் ஒன்று என்பதனால் மட்டுமே அவர் கை தயங்குகிறது. அந்தத் தயக்கம் விவேகமா, அல்லது செல்வாக்குள்ளவர்களைக் கண்டால் விதி வளைந்துகொடுக்கும் பழைய வழக்கத்தின் புதிய உருவந்தானா என்ற கேள்வி, மின்னஞ்சல் துறையில் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தீராமல் இருந்துவருகிறது. அடைத்துவிட வேண்டும் என்போர் பக்கமும் நியாயம் இருக்கிறது, கூடாது என்போர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு கட்சியாரும் தத்தம் நியாயத்தைத் தவறான இடத்தில் ஊன்றிப் பேசுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மின்னஞ்சல் ஒருவருக்கு உடைமையான சேவை அன்று. பலர் சேர்ந்து அனுசரிக்கும் ஓர் உடன்படிக்கை. 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்.எம்.டி.பி. என்ற நெறிமுறையே அந்த உடன்படிக்கையின் மூலப் பத்திரம். 2001-இலும் 2008-இலும் அதைத் திருத்தி எழுதியபோதும் அதன் சாராம்சம் மாறவில்லை. உலகத்தில் எந்தச் சேவையகமும் வேறு எந்தச் சேவையகத்தையும் அணுகி, இன்னாரிடமிருந்து இன்னாருக்கு ஒரு கடிதம் என்று சொல்லலாம். அணுகப்பட்ட சேவையகம் 250 என்ற எண்ணைச் சொல்லி ஏற்றுக்கொள்ளலாம், 4-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லிப் பிறகு வரச் சொல்லலாம், 5-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லி ஒரேயடியாக மறுத்துவிடலாம். ஏற்றுக்கொண்டபின் அதை உரியவரிடம் சேர்ப்பிப்பதும், சேர்ப்பிக்க இயலாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிப்பதும் ஏற்றுக்கொண்டவருடைய பொறுப்பாகிவிடும். பெரியது சிறியது என்ற பேதம் இந்த நெறிமுறையில் எங்கும் இல்லை. மறுக்கும் உரிமையோ ஸ்பேமைவிடவும் பழையது. டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தின் விற்பனை அலுவலர் ஒருவர், ஏறக்குறைய நானூறு பேருக்குத் தம் கம்பெனியின் கணினி விளம்பரத்தை ஒரே வீச்சில் அனுப்பி எல்லோருடைய கோபத்தையும் சம்பாதித்தது 1978 மே மாதத்தில். அதற்கும் இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, 1975 நவம்பரில், இதே போஸ்டல் ஒரு சிறிய குறிப்பு எழுதி, ஒழுங்கு தவறி நடக்கும் கணினியிலிருந்தோ தொல்லை தரும் கணினியிலிருந்தோ வரும் செய்திகளை மறுப்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்று யோசனை சொல்லியிருந்தார். அஞ்சலை மறுப்பது அஞ்சலின் தர்மத்துக்கு விரோதம் என்று சொல்லுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

சட்டப்படி அந்த உரிமை உண்டா என்பதையும் அமெரிக்க நீதிமன்றங்கள் வெகு சீக்கிரத்திலேயே தீர்த்துவைத்தன. விளம்பர அஞ்சலை மலை மலையாகக் குவித்து அபகீர்த்தி பெற்ற சான்ஃபோர்ட் வாலஸ் என்பவருடைய சைபர் புரொமோஷன்ஸ் நிறுவனம், தன் அஞ்சலை ஏ.ஓ.எல். என்ற இணைய சேவை நிறுவனம் தடுப்பது பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணானது என்று வாதாடிற்று; ஏ.ஓ.எல். ஒரு தனியார் ஸ்தாபனமேயன்றி அரசாங்கமன்று, ஆகவே அந்த அரசியல் சாஸனப் பாதுகாப்பு இங்கே பொருந்தாது என்று 1996 நவம்பரில் பென்சில்வேனியாவின் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கம்ப்யூசர்வ் என்ற இன்னொரு இணைய சேவை நிறுவனம் அதே வாலஸின் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கில் 1997 பிப்ரவரியில் ஒஹையோவின் மத்திய நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, வேண்டாம் என்று சொன்ன பிறகும் அஞ்சலைத் திணிப்பது பிறர் உடைமையில் அத்துமீறுவதற்குச் சமானம் என்றது. ஆக, உரிமை இருக்கிறது. உரிமை இருப்பதனாலேயே அதைப் பிரயோகிப்பது உசிதமாகிவிடுமா, அதிலும் கோடிக்கணக்கான நல்லவர்கள் குடியிருக்கும் ஒரு ஸ்தாபனத்தின்மேல் பிரயோகிப்பது உசிதமா என்பதே நம் முன் உள்ள விஷயம்.

பெரிய ஸ்தாபனத்தைப் பகிஷ்கரித்துச் சிறியவர்கள் வெற்றி கண்ட உதாரணம் ஒன்று உண்டு. அது மின்னஞ்சலில் நிகழாமல், அதன் உடன்பிறப்பான யூஸ்நெட் என்னும் உலகளாவிய விவாத வலையில் நிகழ்ந்தது. உலகெங்கும் பரவிக் கிடந்த ஆயிரக்கணக்கான சேவையகங்கள் ஒன்றுக்கொன்று கட்டுரைகளைப் பரிமாறிக்கொண்ட அந்த வலையில், அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய இணைய இணைப்பு நிறுவனங்களுள் ஒன்றாகிய யூயூநெட்டின் வழியாக விளம்பரக் குப்பை வெள்ளமாகப் பாய்ந்தது. முறையீடுகளை அந்த நிறுவனம் பொருட்படுத்தவில்லை என்று மற்றவர்கள் குறை கூறினார்கள். சேவையகங்களை நடத்திவந்த தன்னார்வலர்கள் கூடி, யூயூநெட்டிலிருந்து புறப்படும் கட்டுரை எதுவானாலும் அதை ரத்து செய்வது என்று முன்கூட்டியே பகிரங்கமாக அறிவித்து, 1997 ஆகஸ்ட் முதல் தேதியன்று அதை நிறைவேற்றத் தொடங்கினார்கள். யூஸ்நெட் மரண தண்டனை என்று அதற்குப் பெயர். நகைச்சுவை கலந்த பெயரானாலும் தண்டனை உண்மையானது. ஒரு வாரத்துக்குள் யூயூநெட் வழிக்கு வந்தது, தண்டனையும் விலக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் கம்ப்யூசர்வுக்கு அதே கதி நேர்ந்தது. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அட்ஹோம் என்ற கேபிள் இணைய நிறுவனத்துக்கோ அறிவிப்பு வெளிவந்த அளவே போதுமானதாயிற்று.

இந்த வெற்றிக்கான காரணங்களைச் சற்று நின்று நோக்க வேண்டும், ஏனெனில் இன்றைக்கும் பகிஷ்காரம் வேண்டும் என்று வாதிப்பவர்கள் இந்த உதாரணத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். முதலாவது, தண்டித்தவர்கள் தனித்தனியாகச் செயல்படவில்லை. கூட்டாகச் செயல்பட்டார்கள், ஆகவே தண்டனை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் உறைத்தது. இரண்டாவது, குற்றம் இன்னது, நிபந்தனை இன்னது, நிபந்தனை நிறைவேறினால் விலக்கு உண்டு என்பவை எல்லோரும் படிக்கும்படி எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் முக்கியமானது மூன்றாவது. யூயூநெட்டின் வாடிக்கையாளர்களுக்கு மற்றவர்களுடைய விவாத வலை தேவையாக இருந்தது; அந்த வலையில் தங்கள் எழுத்து காணாமற்போவதை அவர்கள் உடனே உணர்ந்து தங்கள் நிறுவனத்திடம் போய்ச் சச்சரவு செய்தார்கள். தண்டனை பெற்றவருக்குத் தண்டிப்பவர் தேவைப்பட்டார் என்பதே அந்த வெற்றியின் ரகசியம்.

மின்னஞ்சல் துறையில் அதே காலத்தில் தோன்றியவை தடைப்பட்டியல்கள். பால் விக்ஸியும் டேவ் ராண்டும் தொடங்கிய ஆர்.பி.எல். என்ற பட்டியல் 1997 முதல் பரவலாக வழங்கிற்று. ஸ்டீவ் லின்ஃபோர்டு லண்டனில் ஸ்பாம்ஹாஸ் என்ற ஸ்தாபனத்தை 1998-இல் நிறுவினார். அஞ்சல் வந்து கேட்டவுடன், அனுப்பும் கணினியின் ஐ.பி. முகவரி பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு நொடியில் விசாரித்து முடிவு செய்யும் இந்த உபாயம் சிறியவர்களுக்குப் பெரிய உதவியாயிற்று. ஆனால் அதிகாரம் கையில் வந்தால் அளவு மீறுவது மனித இயல்பு. ஸ்பியூஸ் என்ற பட்டியலை நடத்தியவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது; ஒரு குற்றவாளிக்கு இடம் கொடுத்த நிறுவனத்தின் மற்ற வாடிக்கையாளர்களையும் படிப்படியாகச் சேர்த்துப் பட்டியலிட்டு, அந்த நிரபராதிகளின் கூக்குரலைக் கொண்டு நிறுவனத்தைப் பணியவைப்பது அவர்கள் கொள்கை. ஒசிருசாஃப்ட் என்ற பட்டியலோ தாக்குதலைத் தாங்கமாட்டாமல் 2003 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, விசாரித்த முகவரி எதுவானாலும் அதைக் குற்றவாளி என்றே சொல்லிவிட்டு மறைந்தது. அதை நம்பியிருந்தவர்களுடைய சேவையகங்கள் அன்று உலகம் முழுவதையும் மறுத்தன. இன்று யூசிஇபுரொடெக்ட் என்ற பட்டியலின் மூன்றாம் படி, ஒரு வலையமைப்பு முழுவதையும் ஒரே குற்றத்தொகுதியாக எழுதிவிடுகிறது; விரைந்து விடுதலை வேண்டுமானால் கட்டணம் உண்டு. குற்றம் சாட்டுபவரே விடுதலைக்குப் பணம் வாங்கும் நீதி எத்தகையதென்று நான் விவரிக்க வேண்டியதில்லை. அது தகாது என்பதை இணையப் பொறியாளர்கள் 2012-இலேயே தங்கள் நெறிமுறைக் குறிப்பொன்றில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நல்ல பட்டியல்களையும் நிம்மதியாக விட்டுவிட்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஈ360 என்ற சிகாகோ நிறுவனம் தன்னைப் பட்டியலிட்டதற்காக ஸ்பாம்ஹாஸ்மேல் வழக்குத் தொடுத்து, எதிர்த்தரப்பு ஆஜராகாத நிலையில் 2006-இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு வாங்கிற்று. அந்தத் தொகை 2010-இல் 27,002 டாலராகச் சுருங்கி, 2011-இல் மேல்முறையீட்டில் மூன்றே டாலராக முடிந்தது.

இத்தனை பட்டியல்களும் ஓரளவு வேலை செய்தன என்பதுதான் இந்தக் கதையின் விசித்திரமான திருப்பம். வீட்டுக் கணினிகளை வசப்படுத்தி அவற்றின் வழியாக அனுப்பும் வித்தை, இணைப்பு நிறுவனங்கள் அஞ்சல் அனுப்பப் பயன்படும் 25-ஆம் எண் வாயிலை வீட்டு இணைப்புகளுக்கு அடைக்கத் தொடங்கியதும் தளர்ந்தது. குற்றவாளிகளின் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்கு இடம் கொடுத்திருந்த மெக்கோலோ என்ற சான் ஹோசே நிறுவனத்தின் இணைப்பை 2008 நவம்பரில் அதற்கு இணைப்பு வழங்கிய பெரிய நிறுவனங்கள் துண்டித்தவுடன், உலகத்து ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கு மேல் குறைந்துபோயிற்று. சந்து பொந்துகள் அடைபட்ட பிறகு, ஸ்பேம் அனுப்புகிறவனுக்கு எஞ்சிய சிறந்த மறைவிடம் யாராலும் அடைக்க முடியாத இடந்தான். ஹாட்மெயில் 1996-இலும் ஜிமெயில் 2004-இலும் தொடங்கிய இலவச சேவைகள் அத்தகைய இடத்தை அமைத்துக் கொடுத்தன. கணக்குத் தொடங்கப் பணம் வேண்டாம்; ஒரு கணக்கு முடக்கப்பட்டால் மறு கணக்கு தயார்; கோடிக்கணக்கான நேர்மையான மனிதர்களின் அஞ்சல் புறப்படும் அதே ஐ.பி. முகவரியிலிருந்து அவனுடைய அஞ்சலும் புறப்படுகிறது. ஸ்பேம் இரண்டே ஆண்டுகளில் ஒழிந்துவிடும் என்று பில் கேட்ஸ் 2004 ஜனவரியில் தாவோஸ் மாநாட்டில் சொன்னார். இருபது ஆண்டுகள் கழித்து, 2024-இல், உலக மின்னஞ்சலில் 47 சதவீதத்துக்குச் சற்று மேல் ஸ்பேம் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் கணக்கிட்டது.

அனுப்புகிறவர் யாரென்று உறுதிப்படுத்தினால் தொல்லை தீரும் என்று எண்ணியே எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வகுக்கப்பட்டன. அவை பயனுள்ளவை என்பதில் சந்தேகமில்லை. வங்கியின் பெயரில் வேறொருவன் எழுதுவதை அவை வெகுவாகத் தடுக்கின்றன. ஆனால் ஜிமெயிலில் முறைப்படி கணக்குத் தொடங்கிய மோசக்காரனுடைய அஞ்சல் இந்த மூன்றிலும் முதல் வகுப்பில் தேறிவிடுகிறது, ஏனெனில் அது மெய்யாகவே ஜிமெயிலிலிருந்துதான் வருகிறது. முன்பெல்லாம் அஞ்சலின் தலைப்பகுதியில் எழுதியவருடைய கணினி முகவரியும் பதிவாகியிருக்கும், ஆகவே சேவையகம் பெரியதானாலும் அதற்குப் பின்னால் நிற்கும் ஆசாமியைத் தனியே பிரித்துத் தடுக்கலாம். ஜிமெயில் தன் வலைப்பக்கத்தில் எழுதப்படும் அஞ்சல்களில் அதைச் சேர்ப்பதில்லை. பயனர்களின் அந்தரங்கத்தைக் காக்க அது சரியான காரியமே. ஆனாலும் அதன் விளைவாக, பெறுகிறவர் முன்னால் இருக்கும் தேர்வு எல்லோரையும் ஏற்பது அல்லது எல்லோரையும் மறுப்பது என்று குறுகிவிட்டது. பகிஷ்காரக் கட்சியாரின் கோபத்துக்கு உண்மையான ஊற்று இதுதான்: தனிமனிதனைத் தடுக்கும் கருவியைப் பறித்துக்கொண்ட பிறகு, கூட்டத்தைத் தடுக்காதே என்று உபதேசிப்பது எப்படி நியாயமாகும் என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது, அவர்கள் காட்டும் பரிகாரந்தான் பலிக்காது. ஏன் பலிக்காது என்பதை 1997-ஆம் ஆண்டுக் கதையின் பிற்பகுதியே காட்டுகிறது. யூஸ்நெட்டின் பழைய கட்டுரைகளைத் தொகுத்துவைத்திருந்த டேஜா நிறுவனத்தின் களஞ்சியத்தைக் கூகுள் 2001 பிப்ரவரியில் விலைக்கு வாங்கி, பின்னர் கூகுள் குரூப்ஸ் என்ற பெயரில் யூஸ்நெட்டுக்கு ஒரு பெரிய வாயிலாகவே ஆயிற்று. 2023-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த வாயில் வழியாக ஸ்பேம் யூஸ்நெட்டில் கொட்டத் தொடங்கியது. எஞ்சியிருந்த நிர்வாகிகள் பலர், முன்னோர் செய்தபடியே, கூகுள் குரூப்ஸிலிருந்து வருவதை வடிகட்டித் தள்ளினார்கள். இம்முறை நடந்தது வேறு. யூஸ்நெட்டில் எழுத்து விவாதம் குறைந்துவிட்டதென்றும், இப்போது பரவுவதில் பெரும்பகுதி கோப்புப் பரிமாற்றமும் ஸ்பேமுமே என்றும் காரணம் சொல்லி, 2024 பிப்ரவரி 22 முதல் தனக்கும் யூஸ்நெட்டுக்கும் இருந்த தொடர்பைக் கூகுள் அறுத்துக்கொண்டது. தண்டனையை அஞ்சித் திருந்தவும் இல்லை, எதிர்த்து வாதாடவும் இல்லை, எழுந்து போய்விட்டது. யூஸ்நெட் அன்பர்கள் சிலர் அதை விடுதலை என்றே கொண்டாடினார்கள், அவர்கள் நோக்கில் அது சரியாகவும் இருக்கலாம். மின்னஞ்சலில் அத்தகைய விடுதலை சாத்தியமில்லை. ஒரு மாவட்டக் கல்லூரி ஜிமெயிலை அடைத்தால் ஜிமெயிலின் நூற்றைம்பது கோடிக்கும் மேற்பட்ட பயனர்களில் அதை உணரக்கூடியவர்கள் அக்கல்லூரிக்குக் கடிதம் எழுத நினைத்த சில நூறு பேர். அவர்களும் கூகுளிடம் போய் முறையிடமாட்டார்கள், கல்லூரியின் அஞ்சல் கெட்டுப்போயிற்று என்றே சொல்வார்கள். தண்டிப்பவர் இங்கே தண்டனை பெறுபவருக்குத் தேவைப்படவில்லை.

ஆயினும் பயன் இல்லை என்பது ஒரு காரியத்தை விலக்குவதற்குப் போதிய காரணமாகாது; பயன் இராது என்று தெரிந்தும் செய்யத் தகுந்த மறுப்புகள் உலகத்தில் உண்டு. ஆகையால் இது தகுமா என்ற கேள்வியை வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிர்வாகி யாருடைய அஞ்சலை மறுக்கிறார்? சேவையகம் அவர் பொறுப்பில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் கோவிலின் சொத்து தர்மகர்த்தாவின் கையில் இருந்தாலும் அது அவருடையதாகாதது போல, அந்தப் பெட்டிகளில் வந்து விழ வேண்டிய கடிதங்கள் அவருடையவை அல்ல. வேலைக்கு விண்ணப்பித்த பையன் ஜிமெயிலிலிருந்துதான் எழுதுவான். வெளியூரிலிருக்கும் மகள் அதிலிருந்துதான் எழுதுவாள். குடிநீர் வரவில்லையென்று நகராட்சிக்குப் புகார் எழுதும் கிழவருக்கு, பேரன் தொடங்கிக் கொடுத்த கணக்கு அதில்தான் இருக்கும். இவர்களுடைய கடிதத்தை மறுப்பதற்கு, அதைப் பெறவேண்டியவர்கள் யாரும் சம்மதம் கொடுக்கவில்லை. 2005 ஜனவரியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே மேல்நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஒன்று தன் முன்னாள் ஊழியர் ஒருவருடைய அஞ்சல்களைத் தடுத்துவைத்த விவகாரத்தில், பெறுநருக்குத் தெரியாமல் அஞ்சலை அடக்குவது தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றமாகவும் கூடும் என்று சொன்னது. அமெரிக்கத் தீர்ப்புகள் சேவையகத்தை உடைமையாகப் பார்த்தன. ஜெர்மானியத் தீர்ப்பு அஞ்சலை நம்பிக்கைப் பொருளாகப் பார்த்தது. இரண்டில் பின்னதே எனக்குச் சரியென்று படுகிறது.

அளவு மீறிய தடை எப்போதும் அதை விதித்தவர் நினைத்தே பாராத மனிதர்கள்மேல்தான் போய் விழுகிறது. அமெரிக்காவின் வெரைசான் நிறுவனம் 2004-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து ஐரோப்பாவிலிருந்து வரும் அஞ்சலில் பெரும்பகுதியை ஸ்பேமைக் காரணம் காட்டித் தடுத்து, கடைசியில் தன் சொந்த வாடிக்கையாளர்களே தொடுத்த கூட்டு வழக்கை 2006-இல் சமரசத்தால் முடித்துக்கொள்ள நேர்ந்தது. ஸ்பேம்அசாஸின் என்ற பிரசித்தமான வடிகட்டியில், இன்னின்ன மொழிகளில் வரும் கடிதங்கள் மட்டும் எனக்கு வேண்டியவை என்று குறித்துவைக்கும் வசதி உண்டு. அதை ஆங்கிலத்துக்கு மட்டும் திறந்துவைத்த மேனாட்டு நிர்வாகி, தம் அலுவலகத்தில் தமிழில் கடிதம் பெறும் ஊழியர் ஒருவர் இருக்கக்கூடும் என்று நினைத்திருக்க நியாயமில்லை.

இந்த வாதம் முழுவதும் பெரியவர்களுக்கு அனுகூலமாகவே முடிவதைக் கண்டு வாசகர் அதிருப்தி அடையலாம். அந்த அதிருப்தி எனக்கும் உண்டு. மறுக்கும் உரிமை நெறிமுறையில் சமமாக இருந்தும், நடைமுறையில் அது ஒருவழிப் பாதையாகிவிட்டது. 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க் கொள்கையைத் திடீரென்று கடுமையாக்கியபோது உலகெங்குமுள்ள அஞ்சற்குழுக்கள் நிலைகுலைந்தன. ஆனால் மென்பொருளைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது யாகூ அல்ல, குழுக்களை நடத்தியவர்கள்தான். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்குமேல் அனுப்புவோர் மூன்று சோதனைகளுக்கும் உட்பட வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், பெறுநர்கள் ஸ்பேம் என்று குறிக்கும் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கூகுள் விதித்தது. யாகூ அதே நேரத்தில் இதையொத்த விதிகளை அமல்படுத்தியது, மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்தில் பின்தொடர்ந்தது. விதிகள் தம்மளவில் நல்லவையே. எனக்கு அவற்றோடு சண்டையில்லை. ஜெர்மனியின் டி-ஆன்லைன் என்ற அஞ்சல் சேவையோ முன்பின் அறியாத சேவையகங்களை இயல்பாகவே மறுத்துவிட்டு, எழுதிக் கேட்டு அனுமதி பெறச் சொல்கிறது. அமெரிக்காவின் ரிபப்ளிகன் கட்சிக் குழு, தன் நன்கொடைக் கடிதங்களை ஜிமெயில் ஸ்பேம் பெட்டியில் தள்ளுகிறதென்று 2022-இல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டு தள்ளுபடி கண்டது. நாட்டின் இரண்டு பெருங் கட்சிகளுள் ஒன்றாலேயே அசைக்க முடியாத கதவை ஒரு சிறிய நிர்வாகி தட்டி என்ன செய்வார்!

அப்படியானால் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா என்றால், இல்லை. தம் ஒருவருக்காகவே சேவையகம் நடத்துகிறவர் ஜிமெயிலையும் அவுட்லுக்கையும் முற்றிலும் மறுக்கலாம். இழப்பு அவருடையது, சம்மதமும் அவருடையது. உறுப்பினர் அனைவரும் கூடி ஒப்புக்கொண்ட சங்கமும் அப்படியே. பொது அலுவலகம், பள்ளி, மருத்துவமனை, கட்டணம் வாங்கிக்கொண்டு பெட்டி தரும் நிறுவனம் ஆகியவை ஒருக்காலும் செய்யலாகாது. இந்த இரு எல்லைகளுக்கு நடுவில் நிற்பவர்களுக்குக் கருவிகள் பல உண்டு. இலவசச் சேவையிலிருந்து வரும் அஞ்சல் என்பதற்குச் சிறிது மதிப்பெண் ஏற்றி, அந்த அனுப்புநர் நம்மவர் எவருக்கும் முன்பு எழுதியிராதவர் என்றால் இன்னும் சிறிது ஏற்றி, கடிதத்தின் உள்ளடக்கமும் ஐயத்துக்கிடமானால் மறுப்பது ஒரு வழி. முதன்முறை வரும் அஞ்சலைப் பிறகு வரச் சொல்லிச் சோதிக்கும் பழைய உபாயம் இங்கே அவ்வளவாகப் பயன்படாது. பெரிய ஸ்தாபனம் மறுமுறை வேறொரு முகவரியிலிருந்து வந்து நிற்கும், நல்ல கடிதந்தான் தாமதமாகும். எந்த வழியானாலும், மறுப்பதை உரையாடல் நடக்கும்போதே 5-ஆம் வரிசை எண்ணைச் சொல்லி, காரணத்தையும் தொடர்புகொள்ளும் விதத்தையும் ஒரு வாக்கியத்தில் எழுதி மறுக்க வேண்டும். ஏற்றுக்கொண்டு சத்தமில்லாமல் அழித்துவிடுவது எல்லாவற்றிலும் கேடானது; எழுதியவர் பதிலுக்காகக் காத்திருப்பார், பெறவேண்டியவர் கடிதம் வந்ததையே அறியமாட்டார்.

கூட்டாகச் செய்யத் தக்கதோ அஞ்சலை மறுப்பதன்று, கணக்குக் கேட்பது. ஒவ்வொரு நிறுவனமும் முறையீடுகளுக்கென்று தனிப் பெட்டி வைத்திருக்க வேண்டும் என்று 1997 மே மாதத்திலேயே நெறிமுறைக் குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. முறையீட்டை இயந்திரம் படிக்கும்படி எழுதும் வடிவமும் 2010-இல் வகுக்கப்பட்டாயிற்று. முறையிடுபவரை ஒரு வலைப்படிவத்துக்கு அனுப்பிவிட்டு, பின்னர் என்ன ஆயிற்று என்று ஒரு வரிகூடச் சொல்லாத வழக்கத்தை மாற்றும்படி வற்புறுத்தலாம். பயனரின் அந்தரங்கத்துக்குப் பங்கமில்லாமலே, அஞ்சல் அனுப்பிய கணக்கு இன்று தொடங்கியதா, ஓராண்டு பழையதா, பத்தாண்டு பழையதா என்ற ஒரு குறிப்பை மட்டும் தலைப்பில் சேர்த்தால், பெறுபவர்கள் கூட்டத்தைத் தடுக்காமல் குற்றவாளியைத் தடுக்கும் கருவியைத் திரும்பப் பெறுவார்கள். இதைச் செய்யும்படி நிர்ப்பந்திக்க வல்லவை அரசாங்கங்களே. ஐரோப்பிய ஆணையம் 2023 செப்டம்பரில் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்த வேண்டிய சேவைகளைத் தேர்ந்தெடுத்தபோது, ஜிமெயிலும் அவுட்லுக்கும் அளவுகோலை எட்டியிருந்தும், அவற்றின் உரிமையாளர்கள் சொன்ன சமாதானத்தை ஏற்று இரண்டையும் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டது. அந்த முடிவை மறுபரிசீலனை செய்யும் நாளில் முதலில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தன் வாசலுக்கு வருவோர்க்கு 0.3 சதவீதம் என்று வரம்பு கட்டிய ஸ்தாபனம், தன் வாசலிலிருந்து புறப்பட்டுப் பிறருடைய பெட்டிகளில் ஸ்பேம் என்று குறிக்கப்படும் அஞ்சலின் விகிதம் எவ்வளவு என்பதை அதே அளவுகோலால் அளந்து மாதந்தோறும் வெளியிட வேண்டும்.